எட்டயபுரத்துக்குக் கிழக்கே நின்ற வண்டி

அன்றைக்குக் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மாமியார், என் கணவரின் தம்பி, என் கணவர் யாருக்கு வண்டி ஓட்டினாரோ அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கலாம் என்றால், தூத்துக்குடியில் தன் வீட்டு மாடியில் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு ரேடியோவில் பேசிய சார். அவருடைய குரல் மட்டும் எங்கள் அறையில் இருந்தது. என் கணவர் இல்லை. காலை ஏழரை மணிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல்தான் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினேன். என் கணவர் மைக்செட்டுக் கடையில் வேலை பழகியவர். கல்யாண வீடு, கோயில் கொடை விழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார். அந்தத் தொழில் படுத்த பிறகு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டப் போனார். ஆனால் ரேடியோ ஆசை போகவில்லை. தூத்துக்குடி சார் ஓய்வு பெற்ற டெலிபோன் இன்ஜினியர். அவர்தான் எங்கள் இரண்டு பேரையும், வீட்டில் ரேடியோ வைத்துப் பேச லைசென்ஸ் தருகிற ஹாம் ரேடியோ பரீட்சை எழுத வைத்தார். பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் சம்மதித்தேன். இரண்டாவது தடவையில் பாஸ் செய்தேன். லைசென்ஸ் வந்த நாளிலிருந்து, ரேடியோவில் தப்பாக ஏதாவது பேசிவிட்டால் போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் இருந்தேன். என் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனால் பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன்.

என் கணவருக்குச் சர்க்கரை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்; போட்ட பிறகு சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஒரு கோடையில் குளத்தூர்ப் பக்கம் போனபோது சாப்பிட நேரமாகி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே மயங்கிவிட்டார். உப்பளத்துக்கு வேலைக்குப் போன பெண்கள் கண்டுபிடித்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து எழுப்பினார்கள். அவர்கள் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் என்கிற எண்ணம் என்னை விடவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் செய்வேன். அவர் எரிந்து விழுவார். "வண்டி ஓட்டவா, உன்கிட்ட பேசவா?" என்பார்.

சார்தான் வழி சொன்னார். வண்டி எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்வதை ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு சத்தமாக மாற்றும். ரேடியோ அந்தச் சத்தத்தை அனுப்பும். வீட்டில் இன்னொரு ரேடியோ அதைக் கேட்டு லேப்டாப்புக்குக் கொடுக்கும். லேப்டாப் அதைப் பிரித்து வரைபடத்தில் ஒரு குட்டி லாரிப் படமாகக் காட்டும். நெட் வேண்டாம், டவர் வேண்டாம். சார் தன்னிடம் சும்மா கிடந்த போர்டைக் கொடுத்தார். லேப்டாப் பழையது. மொட்டைமாடியில் தண்ணீர்க் குழாயை நட்டு அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினோம். வண்டிக் கூரையில் காந்தம் வைத்த சின்ன ஆன்டெனா.

இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வருவார், நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். சத்தம் வந்தது. வறுத்த கடலையை உள்ளங்கையில் வைத்துத் தோல் நீக்கத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி அரை நொடிச் சத்தம். திரையில் மட்டும் எழுத்தே இல்லை. வயரை மாற்றினோம், போர்டை மாற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் நேரில் வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னய்யா, எல்லாத் திருகையும் கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கீரு?"

"சத்தம் பெரிசா இருந்தாத்தான சார் தூரத்துக்குக் கேக்கும்?"

"கோயில் கொடைக்கு மைக் கட்டுன கை. இது அம்மன் பாட்டு இல்லய்யா. சத்தம் மிஞ்சுனா எழுத்து செதஞ்சிரும், குறையும்."

பாதிக்கும் கீழே குறைத்தார். அடுத்த சத்தத்தில் திரையில் எங்கள் லைசென்ஸ் குறியீட்டோடு குட்டி லாரி வந்து நின்றது. அன்று மத்தியானம் நான் படுத்துத் தூங்கினேன். பல மாதங்களாகப் பகலில் தூங்கியதில்லை.

ஒரு சங்கடம் இருந்தது. வண்டி ரேடியோவில் மைக் சொருகுகிற இடம் ஒன்றுதான். போர்டு வயரைச் சொருகினால் பேச முடியாது. மைக்கைச் சொருகினால் வண்டி எங்கே என்று திரையில் வராது. அவர் மைக் வேண்டும் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். "நீங்க டீக்கடையில உக்காந்துக்கிட்டே பாதி தூரம் வந்துட்டேன்னு சொல்லுவீங்க. இது பொய் சொல்லாது." அவருக்குச் சிரிப்பு வந்தது. மைக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அது இன்றும் அலமாரியில் இருக்கிறது.

முதலாளி அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்ததும் அவருடைய நான்கு வண்டிக்கும் மாட்டித் தரச் சொன்னார். "வியாபாரத்துக்கு இதப் பயன்படுத்தக் கூடாது அண்ணாச்சி, லைசென்ஸ் போயிரும்" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "புருஷனுக்கு ஒரு சட்டம், முதலாளிக்கு ஒரு சட்டமோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது கார்த்திகை மாதம். இரண்டு நாளாக விடாத மழை. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, எட்டயபுரத்தில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் வீட்டில் வைத்தே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பெண்களுக்கு லேபிளும் காலிப் பெட்டியும் கொண்டு போனார். எட்டரை மணி வரைக்கும் குட்டி லாரி திரையில் நகர்ந்தது. எட்டயபுரத்தில் அது நிற்கவில்லை. அதாவது சாப்பிடவில்லை. எட்டயபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடைசிப் புள்ளி. அதற்கு மேல் எங்கள் ஆன்டெனாவுக்கு எட்டாது. வழக்கமாக அதற்கப்புறம் தூத்துக்குடி சாரின் ஆன்டெனா கேட்டு, நெட் வழியாக எங்கள் திரைக்கு அனுப்பிவிடும். அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லை, நெட் இல்லை, போனும் இல்லை. திரையில் குட்டி லாரி அசையாமல் நின்றது. கடைசியாகக் கேட்ட இடத்தில்தான் அது நிற்கும், வண்டி போயிருந்தாலும்.

போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. பதினொரு தடவை அடித்தேன். பத்தரைக்கு அதுவும் அணைந்துவிட்டது.

கொழுந்தன் பெயின்ட் அடிக்கிறவன், மழையால் வீட்டில்தான் இருந்தான். வந்தான். பின்னாலேயே முதலாளி அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தார்.

"லேபிள் கட்டு நாலு இருக்கு தாயி. தார்ப்பாய் போட்டுத்தான போனான்?"

என் மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "எம்பிள்ளை மேல தார்ப்பாய் கெடக்கான்னு முதல்ல கேளுமய்யா."

அண்ணாச்சி உட்கார்ந்தார். தன் போனை எடுத்து, வண்டி போக வேண்டிய மூன்று ஊர்களுக்கும் பேசினார். மூன்று ஊரிலும் வண்டி வரவில்லை.

நான் ரேடியோவை எடுத்தேன். அவசரத்தில் எங்கள் குறியீட்டையே தப்பாகச் சொல்லித் திருத்தினேன். நான்காவது தடவை கூப்பிட்டபோது சாரின் குரல் இரைச்சலுக்கு நடுவே வந்தது.

"கேக்குதும்மா. உங்க வண்டி எனக்குக் கேக்குது. பத்து நிமிஷத்துக்கு ஒருக்க வருது. ஓடுனா அடிக்கடி வரும், அப்படின்னா நிக்குது. கம்ப்யூட்டர் இல்ல, ரேடியோ முகப்புல நம்பர் மட்டும் தெரியுது. வாசிக்கேன், எழுதிக்க."

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிள் தாளை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் எழுதினேன். வடக்கு: பூஜ்யம் ஒன்பது, பூஜ்யம் ஏழு, புள்ளி, மூன்று இரண்டு. கிழக்கு: பூஜ்யம் ஏழு எட்டு, பூஜ்யம் ஆறு, புள்ளி, ஒன்று ஐந்து. திருப்பி வாசித்துக் காட்டினேன். "சரிம்மா" என்றார். ஒரு எண்கூடத் தப்பில்லை.

போனில் வரைபடத்தைத் திறந்தேன். அதில் எண்ணைப் போடுகிற விதம் வேறு. ஒன்பது என்றால் உடனே புள்ளி, அதற்கப்புறம்தான் மற்ற எண்கள். எனக்கு வந்ததில் ஏழுக்குப் பின்னால் புள்ளி இருந்தது. போனுக்குப் பிடித்த மாதிரி அந்தப் புள்ளியை எடுத்து ஒன்பதுக்குப் பின்னால் வைத்தேன். 9.0732. கிழக்குக்கும் அப்படியே. 78.0615. வரைபடத்தில் அடையாள ஊசி விழுந்தது. விளாத்திகுளம் ரோட்டை விட்டு நன்றாகத் தெற்கே, ஓட்டப்பிடாரம் போகிற திசையில், ஒரு கண்மாய் ஓரத்து வயக்காட்டில்.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அங்கன எதுக்கு மதினி போறான்? அங்க ரோடே இல்லியே."

"ஓடையில தண்ணி வந்துருக்கும். சுத்திப் போயிருப்பாவ."

"லோடோடயா? கரிசக்காட்டுக்குள்ளயா?"

"மெஷின் சொல்லுதுல்லா."

பயந்தவளுக்குக் காரணம் கிடைப்பது கஷ்டமே இல்லை. அவர் ஏன் அங்கே போனார் என்பதற்கு அரை நிமிடத்தில் மூன்று காரணம் வைத்திருந்தேன். ஆம்புலன்சுக்கும் அந்த இடத்தைத்தான் சொன்னேன். அந்த இடத்துக்கு வண்டி போக வழியில்லை, ரோட்டுக்குக் கொண்டுவந்தால் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். கொழுந்தன் மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். எட்டயபுரத்தைத் தாண்டி விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியைப் பிடித்து, அவருடைய டிராக்டரில் இரண்டு பேரும் வயக்காட்டுக்குள் இறங்குகிறார்கள் என்று பன்னிரண்டரைக்குப் போன் வந்தது.

அதற்கப்புறம் காத்திருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சார் "வந்துச்சும்மா" என்பார். முதலில் அது ஆறுதலாக இருந்தது. அவரே பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். வருவது வண்டியின் சத்தம். அதை அனுப்ப மனுஷன் வேண்டாம். உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கில் தலை சாய்ந்து கிடந்தாலும் அது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். மைக் மட்டும் இருந்திருந்தால், மயக்கம் வருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். "சர்க்கரை இறங்குது" என்று ஒரே ஒரு வார்த்தை.

"என்ன சொல்லுது ஏட்டி, அந்தப் பொட்டி?" என்று மாமியார் கேட்டார்.

"அங்கனயே நிக்காவளாம் அத்த."

"நிக்கானா, கெடக்கானா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு வர வேண்டியது வரவில்லை. "ஒண்ணு விட்டுப்போகும்மா, மழையில்லா" என்றார் சார். அடுத்ததும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது தடவை அவராகவே பேசினார். "நின்னுட்டும்மா. பேட்டரி போயிருக்கும். வேற ஒண்ணும் நினைக்காத." வேறு எல்லாவற்றையும் நினைத்தேன். தண்ணீர் ஏறி வண்டியை மூடுவதை அப்படியே கண்ணால் பார்த்தேன்.

இரண்டே முக்காலுக்குக் கொழுந்தன் பேசினான். மூச்சு வாங்கியது.

"மதினி, நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கேன். வண்டி இல்ல."

"நல்லாப் பாருய்யா."

"இடுப்பளவு தண்ணி. டிராக்டரும் உள்ள போயிட்டு. கரிசல்ல இறங்கிட்டு, பெரிய சக்கரம் பாதி தெரியல. நாங்க கம்ப விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"எதுல கம்ப விடுதீங்க?"

"தண்ணிக்குள்ளதான்" என்றான்.

போனை வைத்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. தண்ணீருக்குள் கம்பு போய் இரும்பில் முட்டுகிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

என்ன கேட்கிறோம் என்று தெரியாமலேயே ரேடியோவை எடுத்து, கடைசி நம்பரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதே எண்கள்.

"தம்பி அங்கனதான் சார் நிக்கான். வண்டி இல்லங்கான்."

"எங்க நிக்கான்? ஊர் பேரச் சொல்லு."

சொன்னேன்.

"அது எப்படிம்மா? அது எவ்வளவு தெக்க இருக்கு. விளாத்திகுளம் ரோட்டுப் பக்கம்லா வரணும். நீ போன்ல என்ன போட்ட?"

"ஒன்பது புள்ளி பூஜ்யம் ஏழு மூணு ரெண்டு."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"புள்ளிய நகத்திட்டியாம்மா? ஒன்பது டிகிரி. அதுக்கப்புறம் வாரது ஏழு நிமிஷம். ஒரு டிகிரிக்கு அறுவது நிமிஷம். நூறு இல்ல. அறுவதால வகுக்கணும். நான் சொல்லிருக்கணும். உனக்குத் தெரியும்னு நினைச்சிட்டேன்."

அவரே வகுத்துச் சொன்னார். 9.122. 78.1025. இத்தனை மாதமும் இந்தக் கணக்கை லேப்டாப்தான் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணையே நான் பார்த்ததில்லை, குட்டி லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி இப்போது விளாத்திகுளம் ரோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கொழுந்தன் கம்பு விட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்.

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனை என் கையிலிருந்து வாங்கினார். "இது நம்ம வேலைய வாங்கிப் பிரிச்சுக் குடுக்குத ஏஜென்ட் பொம்பளை ஊருல்லா" என்றார். காலையில் வண்டி வரவில்லை என்று சொன்ன மூன்று ஊரில் அதுவும் ஒன்று. ஊருக்குள் வரவில்லை என்பதைத்தான் அந்த அம்மா சொல்லியிருந்தார். ஊருக்கு வெளியே போய்ப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. நான் தெற்கே கை காட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி பேசினார். "ஏ தாயி, லோடு கெடக்கட்டும், ஆளப் பாரு. கையில சீனி எடுத்துட்டுப் போ. உன் வீட்டு ஆம்பளைகள கூட்டிட்டுப் போ. ரோட்டுல இருந்து உள்ள இறங்குத பாதை எல்லாத்தையும் பாரு."

அரை மணி நேரத்தில் போன் வந்தது. ரோட்டிலிருந்து உள்ளே போகும் வண்டிப்பாதையில், சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால் வண்டி நின்றது. முன் சக்கரம் பள்ளத்தில். முன்விளக்கு எரிந்து எரிந்து மங்கிப் போயிருந்தது. மயக்கம் வருவது தெரிந்து ரோட்டை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் குரல் போனிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மூச்சு இருக்கு அண்ணாச்சி. பேச்சு இல்ல. வாயில சீனிய வச்சு ஒதட்டுல தடவுதேன். முழுங்கலை."

ஆம்புலன்ஸ் வந்து, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ஐந்தரை மணி. மூன்றாம் நாள் கண் திறந்தார். மாமியாரை அடையாளம் தெரிந்தது. என்னைத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது. சர்க்கரை ரொம்ப நேரம் கீழே கிடந்துவிட்டது, அதில் மூளைக்கு அடி என்று டாக்டர் சொன்னார். எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான்கு மணி நேரம் முன்னாலேயே கிடைத்திருந்தால் என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார். பேச்சு மெதுவாக வருகிறது. வண்டி ஓட்டக் கூடாது. ரேடியோ முன்னால் உட்கார வைத்தால் திருகைத் தொடுகிறார், எந்தப் பக்கம் திருப்புவது என்று என்னைப் பார்க்கிறார். "நீ அந்தப் பொட்டிய மாட்டலன்னா அவன் கெடந்த எடமே தெரிஞ்சிருக்காது" என்று மாமியார் ஒரு நாள் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறேன். அண்ணாச்சி லேபிள் கட்டு நனைந்ததைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

டிராக்டர் அந்தக் கண்மாய் ஓரத்தில் ஒன்பது நாள் கிடந்தது. மழை விட்டும் கரிசல் அதை விடவில்லை. ஜே.சி.பி. வைத்துத்தான் இழுத்தார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தது. ஊரெல்லாம் களையெடுப்பும் உழவுமாக இருந்த நாட்களில் அந்தச் சம்சாரியின் வண்டி பட்டறையில் நின்றது. முதல் தவணையைக் கொடுக்க நானே போனேன். வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"எதுக்குத் தாயி எங்கள அங்கன போகச் சொன்னிய?"

அறுபது நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். நூறு என்று நினைத்துவிட்டேன் என்றேன். கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஏக்கருக்கு நூறு சென்ட்டுன்னுதான் நாங்க கண்டுருக்கோம். நானா இருந்தாலும் நூறுன்னுதான் போட்டுருப்பேன்" என்றார். பிறகு ரூபாயை வாங்கி எண்ணி, "உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காவளா?" என்று கேட்டார்.

இருக்கிறார் என்றேன். வாடகை, ஜே.சி.பி., இன்ஜின் வேலை எல்லாம் சேர்த்து அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது பதினாலாயிரத்து ஐநூறு ரூபாய்.